வெரசுவின் இரண்டு அட்டைகள்

வட்டக்கானலில் மேகம்கூட அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெரசு நின்று பார்த்ததில்லை. டீயை நடந்துகொண்டே குடிப்பார். கிளாஸைக் கையில் பிடித்தபடியே அடுத்த கடைவரை போய்விடுவார். கோயிலிலும் பிரகாரம் சுற்றியபடியேதான் கும்பிடுவார். சன்னிதிக்கு முன்னால் அவர் நின்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் "வெரசா, வெரசா" என்று விரட்டல்தான். அதனால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, ஒரு தேர்தல் நாள் காலைவரைக்கும்.

அவருக்குத் தொழில் குதிரை. வட்டக்கானலுக்குக் கீழே, சாலை போகாத ஒரு மலைக்கிராமத்தில் வீடு. அந்த ஊருக்கு அரிசி, சிமென்ட், சிலிண்டர் எதுவானாலும் வெரசுவின் மட்டக்குதிரை முதுகில்தான் இறங்கும். குதிரையின் பெயர் மகாராணி. பெயருக்கேற்ற நடை. அவர் முன்னால் ஓட, அது வழியெல்லாம் புல்லைக் கடித்தபடி யோசித்து யோசித்து வரும். அவர் பொறுக்கமாட்டாமல் திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடுவார். இப்படியே எந்த வழியையும் இரண்டு தடவை நடந்து தீர்த்த மனிதர்.

நான் அப்போது வட்டக்கானலில் ஒரு விடுதிக்கு மேனேஜர். பெயர்தான் மேனேஜர், வேலை என்னவோ வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பது. வெரசுவுக்கு அது ஆகவே ஆகாது. மேலே வரும்போதெல்லாம் என் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, அட்டை இல்லாமல் வந்தவர்களுக்குச் சிபாரிசு செய்வார்.

"தங்கமான பையன் மேனேஜரம்மா. மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

அப்படி மூஞ்சி பார்த்துச் சேர்த்த தங்கமான பையன் ஒருவன் மறுநாள் வெள்ளனே எங்கள் கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டான். வெரசுவைப் பிடித்துக் கேட்டேன். "குளிர் தாங்காத மூஞ்சின்னு நேத்தே நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஓட்டுப் போட அட்டை கேட்பது சரியா தப்பா என்று எங்களுக்குள் வருஷக்கணக்காகச் சண்டை. நான் சரி என்கிற கட்சி. எனக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை பெரியகுளத்தில் நான் ஓட்டுப் போடப் போனால், யாரோ ஒரு புண்ணியவதி எனக்கு முன்பே வந்து என் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். விரலில் மை இல்லாமல் வீடு திரும்பிய எரிச்சல் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. இதை வெரசுவிடம் சொன்னால், "அந்தப் பூத்துல ஒங்கள ஒருத்தருக்குமா தெரியல? அதுக்கு அட்டை என்னங்க செய்யும்?" என்பார். கோபம் பொத்துக்கொண்டு வரும். பதிலைத் தேடி எடுப்பதற்குள் அவர் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பார்.

இத்தனைக்கும் அவரிடம் வாக்காளர் அட்டை இருந்தது. அதில் ஒரு ஸ்வெட்டர் தெரியும், ஒரு காது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு இழுப்பு. படம் எடுத்தவர் பொத்தானை அமுக்கும்போதே இவர் கிளம்பிவிட்டார். பிறகு ஆதாருக்குப் படம் எடுக்க வந்தவர்கள் இந்தச் சரித்திரத்தைக் கேள்விப்பட்டு, அசையவே கூடாது என்று அதட்டிவிட்டார்கள். அவரும் சொன்ன சொல் தவறாமல் மூச்சை அடக்கி, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். ஆக, ஒரு அட்டையில் ஆளே இல்லை. இன்னொரு அட்டையில் ஆள் தூங்குகிறார். தூங்குகிற அட்டை தபாலில் வந்த அன்றே அதை என் மேஜை டிராயரில் போட்டுவிட்டார். யாராவது வெரசு யார் என்று கேட்டால் என்னிடம் அனுப்பிவைப்பதாக ஏற்பாடு.

தேர்தல் வந்தால் அவருக்குக் கால் தரையில் பாவாது. ஓட்டு மெஷினும் அதிகாரிகளின் பைகளும் அந்த ஊருக்கு மகாராணி மேல்தான் போயாக வேண்டும். மெஷினைக் கொண்டுவந்தவனுக்கு முதல் ஓட்டு என்பது அவராக எழுதிக்கொண்ட சட்டம். ஊரும் விட்டுக்கொடுத்திருந்தது. மங்கல் அட்டையைப் பார்த்து அதிகாரிகள் சிரிப்பார்கள், பூத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகள் "நம்ம வெரசுதாங்க" என்பார்கள், அவரும் போட்டுவிட்டு ஓடிவிடுவார்.

அந்த முறை வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், சமவெளி ஆள். முந்தின நாள் வழுக்குப் பாறையில் அவரைக் கையைப் பிடித்து இறக்கியவர் வெரசு. மழை பிடித்துக்கொண்டபோது தன் குடையை மெஷினுக்குப் பிடித்துவிட்டு, ராத்திரி சுடுசோறும் பொங்கிப் போட்டார். காலையில் முதல் ஆளாக வந்து நின்றவரிடம், இல்லை, நடந்துகொண்டிருந்தவரிடம், அதே அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, படம் தெரியவில்லை, வேறு ஏதாவது ஆவணம் கொண்டுவாருங்கள் என்றார்.

ஏஜென்டுகள் வழக்கம்போல சாட்சி சொல்ல எழுந்தார்கள். அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"நேத்து என்னைக் கூட்டிட்டு வந்தவர்னு எனக்கும் தெரியுங்க. இந்த அட்டையில இருக்கிற பேரு இவரோடதுதானா? இவர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

மூன்று ஏஜென்டுகள் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றுமே அட்டையில் இல்லை.

மத்தியானம்வரை வெரசு, பூத் இருந்த பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்கே அவரைப் பார்த்துத் தலை சுற்றியதாம். கடைசியில் மலையேறிவிட்டார். என் முன்னால் வந்து விழுந்தபோது ஸ்வெட்டர் தொப்பலாக நனைந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் இத்தனை வருஷத்துப் பாக்கிச் சண்டை எனக்குள் குதித்து எழுந்தது. டிராயரைத் திறக்காமல், உள்ளே இருப்பது உங்கள் அட்டைதான் என்பதற்கு என்ன ஆதாரம் அண்ணே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மெஷினச் சொமந்துட்டு வந்தது நானு. அதுல என் வெரல் படலைன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். நான் டிராயரைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நீங்களே எடுத்துட்டு வாங்க. என்கிட்டக் குடுத்தா வழியில எங்கயாச்சும் போட்டுருவேன். வெரசா வாங்க, ஆறு மணிக்குச் சாத்திருவாங்க."

விடுதியைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். அன்று மகாராணியின் இடத்தில் நான். அவர் முன்னால் ஓடுவார், திரும்பி வருவார், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பார், மறுபடி ஓடுவார். செருப்பு ஒன்று பள்ளத்தில் போனது. "அது கெடக்கு, வாங்க" என்றார். சேறு முழங்கால்வரை ஏறியது. ஜனநாயகத்தையும் வெரசுவையும் மாறிமாறித் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு இன்னும் திறந்திருந்தது. எனக்கு அங்கே ஓட்டு இல்லை என்பதால் போலீஸ்காரர் வாசலோடு நிறுத்திவிட்டார். வெரசு அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. முகத்தில்தான் இடித்தது. நான் வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தேன். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க."

வெரசு கண்ணை மூடினார். நின்றார். கை நின்றது, கால் நின்றது, எப்போதும் எதையோ முணுமுணுக்கும் உதடு நின்றது. ஏஜென்டுகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அத்தனை வருஷம் பழகிய எனக்கு, அவர் புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அதிகாரி அவசரப்படாமல் ஒத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, போங்க" என்றார். மெஷின் நீளமாகக் கூவியது.

வெளியே வந்தவர் மை வைத்த விரலை முதலில் மகாராணியிடம் காட்டினார். பிறகு என்னிடம் வந்தார். கடைசியில் அதிகாரி மூஞ்சியைத்தானே பார்த்தார் என்று கேட்டார். அட்டையை வைத்துக்கொண்டுதானே பார்த்தார் என்றேன். அந்தச் சண்டை அப்புறமும் முடியவில்லை, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் வெரசு இறந்துபோனார். செய்தி கேட்டு அதே பாதையில் இறங்கினேன். முன்னால் ஓடித் திரும்பி வந்து என்னைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மூடிய கண், அசையாத உதடு, ஆதாரில் இருந்த அதே முகம். அந்த அதிகாரி வந்திருந்தால் உடனே சரி என்றிருப்பார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

அவர் மகளிடம் கேட்டு அந்த மங்கல் அட்டையை வாங்கிவந்தேன். இப்போது அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஒரு ஸ்வெட்டர், ஒரு காது, கிளம்பிவிட்ட ஒரு முகம். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர், யார் கேட்டாலும் இவர்தான் வெரசு என்று அதைத்தான் காட்டுவேன்.