பட்டனாரின் பச்சைப் பட்டன்கள்

கோயமுத்தூரில் பட்டனார் அமுக்கிப் பார்க்காத பட்டன், அவர் சட்டையில் இருப்பது மட்டும்தான். காலிங்பெல், மிக்ஸி, டார்ச் லைட், எதைக் கண்டாலும் விரல் தானாகப் போய்விடும். ஒருமுறை எங்கள் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்த் தொலைத்தேன். லிப்டில் எல்லா மாடிக்கும் அமுக்கிவிட்டு, "மூணாவது மாடி பட்டனுக்கு மட்டும் மேல வர சோம்பேறித்தனமுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். பின்னால் என் மேனேஜர், மேல்மாடிக்குப் போக வேண்டியவர், என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

சரவணம்பட்டி ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில். ஊர் அந்தியூர், வேலை ஒரு பம்ப்செட் கம்பெனியில். நிஜப் பெயர் அவர் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பட்டன் என்றுதான் கூப்பிட ஆரம்பித்தோம். கொங்கு மரியாதை சும்மா விடுமா, கொஞ்ச நாளில் 'ஆர்' ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஹாலில் நின்ற வீடியோ கேம் பெட்டி. மால்களில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, ஜாய்ஸ்டிக்கும் வரிசையாகப் பட்டன்களும் வைத்து, அதேதான். மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து வேனில் ஏற்றி வந்தார். விளையாடவா? அட, அதெல்லாம் இல்லை. திரையில் அவருடைய வீரன் அடி வாங்கிக்கொண்டிருப்பான், இவர் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, உங்காளு செத்துப்போட்டானுங்க!"

"அவன் கெடக்கறானுங்க. இந்த ஸ்பிரிங்கப் பாருங்க!"

அந்தியூர்ச் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மலிவு பட்டன் உள்ளே போனால் ஓரத்தில் சிக்கிக்கொண்டு வெளியே வர யோசிக்கும். சிலது கல்லு, கொஞ்சம் ஆடினாலே விரல் வீங்கிவிடும். நல்ல பட்டன் தொட்டதும் இறங்கும், பாதி வழியிலேயே திரையில் குத்து விழும், விட்டதும் விரலை மேலே தள்ளும். "அமுத்துனா பதில் சொல்லோணுமுங்க" என்பார். அப்படிப் பதில் சொல்லும் பச்சைப் பட்டன் ஒரு செட், ஜப்பானிலிருந்து வரவழைத்தது, அவர் சூட்கேஸில் ஒரு சாக்ஸுக்குள் இருந்தது. யாரையும் தொடவிடமாட்டார். தேய்ந்துவிடுமாம்.

கீழ்வீட்டில் ஓனர் அம்மா. ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தலைக்கு மேலே டக் டக் டக். ஒருநாள் விடுவிடுவென்று படியேறி வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, மேல என்ன அவல் இடிக்கறீங்களா? அடுத்த ஞாயித்துக்கெழம இந்தச் சத்தம் கேட்டுச்சு, பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிரும், ஆமா!"

பட்டனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாரம் முழுக்க ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ரப்பர், பஞ்சு, பழைய பனியன் துணி என்று அடைத்தார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அமுக்கிப் பார்த்தவர் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். "பெட்டி பொழச்சுதுங்க. பட்டன் செத்துப்போச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஓனர் அம்மா சோதனைக்கு வந்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்க அவரே அமுக்கினார். எதிர்த்து ஆடியது நான். அவருடைய வீரனை என் வீரன் வெளுத்துவிட்டான். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"அமுந்துச்சா இல்லையான்னே தெரியலியே! இத வெச்சு மனுசன் எப்படி ஆடறது? வேற போடுங்க கண்ணு!"

பட்டனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொட்டினார். அம்மா ஒவ்வொன்றாக அமுக்கினார். "இது கல்லு... இது தொளதொளங்குது... இது போனா வரவே மாட்டீங்குது." எதுவும் தேறவில்லை. பட்டனார் சூட்கேஸைத் திறந்து சாக்ஸை எடுத்தார். எங்களில் யாரையும் தொடவிடாத அதே சாக்ஸ்!

அம்மா பச்சைப் பட்டனை அமுக்கினார். "அட! இது பதில் சொல்லுது கண்ணு!"

அடியில் அடைத்த பஞ்சையெல்லாம் பிடுங்கிவிட்டு அத்தனை பச்சையையும் பெட்டியில் பொருத்தினார் பட்டனார். அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மா என்னைப் பிழிந்து காயப்போட்டார்.

போன வருஷம் பட்டனாருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. பெட்டிக்கு வேன் பேசட்டுமா என்று கேட்டேன். "அப்புறம் அம்மா ஞாயித்துக்கெழம என்னங்க பண்ணுவாங்க?" என்றார். பச்சைப் பட்டனையாவது கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். சாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன் நான். ஞாயிறு மதியம் கண் அசந்தால் ஹாலில் டக் டக் டக். இப்போது அம்மா. போன வாரம் எழுந்து போனால், ஒரு கையில் போனைப் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா கண்ணு?"

போனில் புனேயிலிருந்து பட்டனார் குரல். "வலது ஓரத்துப் பட்டன் மட்டும் சளி புடிச்சாப்பல இருக்குதுங்கம்மா. நேர்ல பார்த்தாத்தான் ஆகும். தீவாளிக்கு வாரேனுங்க."

அம்மா கீழே இறங்கியதும் நான் போய் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. மனுஷர் வரட்டும், எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும்.