பதினோரு ஆண்டுகள் என்று எழுதியது நான்தான்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பக்க அமைப்புப் பிரிவில், ஜன்னலை ஒட்டிய கடைசி மேசையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருப்பவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருக்க வேண்டும். இங்கே உடல்நலம் சுமார், மனநிம்மதி இல்லை. என் மேசைக்கும் தங்கள் கண்ணாடி அறைக்கும் பத்தடி தூரம்தான். எழுந்து வந்தே சொல்லியிருக்கலாம். சொல்லும்போது தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் தபாலில் அனுப்புகிறேன்.

அடுத்த இதழில் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் என் மனைவிக்கு மிச்சமிருக்கும் காதும் போய்விடும்.

கதையோ கட்டுரையோ முடிந்து பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சினால் அங்கே ஒரு துணுக்கு போடுவது நம் வழக்கம். தங்கள் தகப்பனார் ஆசிரியராக இருந்த காலத்தில் அதற்கென்றே கத்தரித்து வைத்த துணுக்குகள் ஒரு டிராயர் நிறைய இருந்தன. ஒரு வியாழக்கிழமை டிராயரைத் திறந்தால் உள்ளே ஒரு குண்டூசிதான் கிடந்தது. அச்சகத்து ஆள் வாசலில் வந்து நிற்கிறார், தகப்பனார் "என்னய்யா, இன்னுமா?" என்று கத்துகிறார், பதினெட்டாம் பக்கத்தில் நாலு வரி இடம் என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. நான் என்ன செய்வேன்? 'கடலாமை ஒரு தடவை கொட்டாவி விட்டால் அடுத்த கொட்டாவிக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும் என்று ஒரு தீவு நாட்டு ஆய்வு கூறுகிறது' என்று எழுதிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் தீவு என்றும் கேட்கவில்லை. ஒரு வாசகர் மட்டும் 'அரிய தகவல்' என்று பாராட்டிக் கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டுதான் என்னைக் கெடுத்தது. அன்று தொடங்கி வாராவாரம் அந்தத் தீவில் ஓர் ஆய்வு நடந்துகொண்டே இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு தொடர்கதையின் அடியில் மூன்று வரி இடம் விழுந்தது. 'காது மந்தமானவர்கள் மற்றவர்களைவிடப் பத்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள்' என்று போட்டுப் பார்த்தேன். கடைசி வரி நிரம்பவில்லை. பத்தை எடுத்துவிட்டுப் பதினோரு என்று வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் பதினோராவது வருடத்துக்கு இருக்கிற மருத்துவ ஆதாரம் அவ்வளவுதான் ஐயா.

போன திங்கட்கிழமை மனைவியைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பொத்தானைத் தொடவேயில்லை. டாக்டரம்மா, "இப்பவே மெஷின் வெச்சாதான் இருக்கறதாவது நிக்கும். தள்ளிப்போட்டா அதுவும் போயிடும்மா" என்று காதருகே உரக்கச் சொன்னார். இவள் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதே மூன்று வரி. "இவரு வேலை பாக்கற பத்திரிகைதான் டாக்டர், கண்டதையும் போட மாட்டாங்க. எனக்கு மெஷின் வேண்டாம்" என்கிறாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "சார், இது நிஜமா?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடப் பத்திரிகை அனுபவம் உள்ள நான், "அச்சுல வந்திருக்கு" என்றேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் சத்தியமாக நடந்ததும் உண்மையானதும்தான் துணுக்கு. ஒரு வாரம் கண்ணில் படுவதையெல்லாம் படித்து, நல்லதாகப் பொறுக்கி நோட்டில் எழுதி, பாவத்தைக் கழுவிவிடுவது. செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'தும்மும்போது இடது கட்டைவிரலை மடக்கினால் ஞாபகசக்தி பெருகும்.' அடடா என்று எழுத ஆரம்பித்தேன், பாதி எழுதும்போதுதான் உறைத்தது, இது நம்ம சரக்கு. அதற்குள் நுரையும் முகமுமாக நாற்காலியில் இருந்தவர் தும்மினார். கடைக்காரர், காத்திருந்த நாலு பேர் என்று அத்தனை பேரும் விரலை மடக்கினார்கள். நானும் மடக்கினேன். மறுநாள் இரும்புக் கடையில் ஆணி மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் கடலாமை கொட்டாவி விடுகிறது. மின்கட்டண அலுவலகத்து நாட்காட்டியில் என்னுடையது இரண்டு. வெள்ளிக்கிழமைதான் தம்பி, மன்னிக்கவும், ஆசிரியர் அவர்களே, தலையில் இடி. நம் போட்டிப் பத்திரிகைக்காரன் என் காதுத் துணுக்கை எடுத்து, பதினோரு வருஷத்தைப் பன்னிரண்டாக்கிப் போட்டிருக்கான்! பேர் போடல, நன்றி போடல. எனக்கு வந்த கோபத்துல, இது எங்கள் பொய்யய்யான்னு அவனுக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்துட்டேன். இவ அதையும் கத்தரிச்சு அதே உறைக்குள்ள வெச்சுக்கிட்டு, "பாத்தீங்களா, ஒரு வருஷம் ஏறியிருக்கு"ன்றா.

ஒரு வாரத்தில் ஒன்பது துணுக்கு சேர்ந்தது. எட்டு என்னுடையவை. உண்மையானது ஒன்றே ஒன்று, இருமல் மருந்துப் புட்டியில் இருந்த 'நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்'. அதைத் துணுக்காகப் போட முடியுமா என்று தாங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை வெளியூரிலிருக்கும் மகள் போனில் பேசினாள். அவளுக்கு வேலையில் ஏதோ பெரிய சங்கடம், குரல் உடைந்து அழுகிறாள், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "நாங்க நல்லா இருக்கோம்டி, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் என் மூன்று வரி நிற்கிறது.

இவளிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொன்னாலும் நம்ப மாட்டாள், அச்சில் வந்தால்தான் நம்புவாள். ஆகவே தயவுசெய்து திருத்தம் வெளியிட்டு, இத்துடன் உள்ள என் ராஜினாமாவையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் குடும்பம் தழைக்க வேண்டும். பத்திரிகை பல்லாண்டு நடக்க வேண்டும். அதன் பக்கங்களில் ஒரு வரி இடம்கூடக் காலியாக விழாமலிருக்க வேண்டும்.

தங்கள் பணிவுள்ள,
கடைசி மேசைக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் வீட்டுக்காரி இதை எடுத்துப் படித்துவிட்டாள். ராஜினாமா இப்போது நாலு துண்டாக இருக்கிறது. "அது உங்க கைவேலைன்னு வந்த அன்னிக்கே தெரியும். கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க புளுகைக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்கிறாள். அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "இத்தனை வருஷமா பேப்பருக்குப் பின்னாடியிருந்தே பேசினீங்க. காது போனப்புறம்தான் எழுந்து வந்து, தோளைத் தொட்டு, என் மூஞ்சியைப் பாத்துப் பேசறீங்க. மெஷின் வெச்சா மறுபடியும் பேப்பருக்குப் பின்னாடி போயிடுவீங்க" என்றாள். மகள் போனில் அழுததைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் அப்படியே மாறிவிட்டது. நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றாள். "வெச்சப்புறமும் பக்கத்துல வந்து பேசுவீங்களா?" என்று கேட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வருவேன்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போய் இன்னொரு தடவை சொன்னேன்.