நான் வைத்த குதிரைக் கறி

ஒரு கறி மட்டும் நன்றாக வைக்கப் பழகிவிட்ட ஆம்பிளையை எந்த வீட்டிலும் அடுப்படிப் பக்கம் விடக்கூடாது. ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்தில்லை. அவன் தேத்தண்ணி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான். எல்லாம் தெரிந்தவனாலும் கெடுதியில்லை. இந்த ஒரு கறிக்காரன் இருக்கிறானே, அவன் கண்ணில் பட்டதையெல்லாம் சட்டிக்குள் போட்டுப் பார்ப்பான். எண்பத்தாறாம் ஆண்டில் ஒடென்சே நகரத்தில் அப்படியொருவனாக நான்தான் இருந்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான், மனைவி சரோ, ஐந்து வயது மகள் வாணி. யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு விடியற்காலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை, அதன்பிறகு டேனிஷ் மொழிப் பள்ளி. சரோவுக்கு நகரத்துக்கு வெளியே தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்றில் மத்தியானம் தொடங்கி ஏழு மணி வரை வேலை. நான் வர அவள் போவாள். நாங்கள் ஆளையாள் ஆறுதலாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதிலும் பாதிநாள் நான் நித்திரை.

எங்களுக்கு அப்போதிருந்த ஒரே பெரிய கவலை வாணி. வைத்த பெயர்தான் வாணி, பாலர் பள்ளியில் வாயே திறக்கமாட்டாள். வீட்டில் தமிழில் வானொலி மாதிரிக் கதைப்பவள், அங்கே போய் ஒரு வருடமாக ஒரு டேனிஷ் சொல் சொல்லவில்லை. பாலர் பள்ளி ஆசிரியை கிர்ஸ்டன் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, அடுத்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்குகிறது, பிள்ளை இப்படியே இருந்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும் என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்குச் சரோ சாப்பிடவில்லை.

ஒக்டோபர் மாதம் ஒருநாள் சரோ என்னிடம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, வாற வெள்ளிக்கிழமை பாலர் பள்ளியிலை இலையுதிர்கால விழாவாம். தாய் தகப்பன் ரெண்டு பேரும் வரவேணுமாம். வாணியும் எழும்பி ஒரு சொல்லாவது சொல்லவேணும். லீவு எடுங்கோ."

லீவு எடுத்தேன். எதைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் எனக்கு இந்தப் பேரும் புகழும் கிடைத்திருக்காது.) அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் காட்டுப்பக்கம் உலாத்தப் போய் ஒரு பை நிறைய எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வழக்கம்போல நித்திரை.

வியாழக்கிழமை பின்னேரம். வாணி அறைக்குள் படம் கீறிக்கொண்டிருந்தாள். சரோ களைத்து வருவாளே, ருசியாக ஏதாவது சமைத்து வைப்போம் என்று அடுப்படிக்குள் போனேன். யன்னல் கட்டின் மேல் பேப்பர் விரித்து, அதில் மண்ணிறமாக, மினுமினுவென்று இருபது இருபத்தைந்து கொட்டைகள் காயவிடப்பட்டிருந்தன. என் நெஞ்சு ஒருதரம் நின்று அடித்தது. பலாக்கொட்டை!

பலாமரம் டென்மார்க்கில் இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை. இது வேறு கொட்டைதான். ஆனால் என் மூளை வேலைசெய்த விதத்தைக் கேளுங்கள். ஒன்று, டேனிஷ்காரர் பிள்ளைகுட்டிகளோடு பை பையாக இதைப் பொறுக்குவதை நான் பஸ்ஸிலிருந்து கண்டிருக்கிறேன். சாப்பிட முடியாத ஒன்றை எந்த மனிதராவது மழைக்குள் குனிந்து பொறுக்குவார்களா? இரண்டு, சரோ அதைப் பேப்பரில் காயப் போட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் பலாக்கொட்டையை அப்படித்தான் காயவிடுவோம். மூன்று, எனக்கு வைக்கத் தெரிந்த அந்த ஒரேயொரு கறி பலாக்கொட்டைக் கறி!

தோல் உரிக்கவே ஒரு மணித்தியாலம் போனது. உரிக்க முன் பார்த்தால், சில கொட்டைகளில் பேனாவால் வைத்த மாதிரி இரண்டிரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. ஊத்தை என்று அவற்றை வடிவாகக் கழுவினேன். அவிக்கும்போது சவர்க்காரத் தண்ணி மாதிரி நுரை பொங்கியது. நல்ல மாப்பிடிப்பான சாமான் என்று சந்தோஷப்பட்டேன். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசுப்பால், ஜெர்மனியிலிருந்து மச்சான் அனுப்பிய மிளகாய்த்தூள் மூன்று கரண்டி. உப்புப் பார்த்தபோது ஒரு கசப்புத் தெரிந்தது. பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது, அதை நாங்கள் விட்டுவிட்டோமா? கொஞ்சம் புளி விட்டேன். இன்னும் கசந்தது. சீனி போட்டேன்.

ஏழரைக்குச் சரோ வந்தாள். சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, கல்யாண வீட்டில் பரிமாறுபவன் போலப் பக்கத்தில் நின்றேன். அவள் ஒரு துண்டைக் கடித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"இது என்ன?"

"பலாக்கொட்டை மாதிரி ஒண்டு. நீர் காயப் போட்டதுதான். எப்பிடி இருக்கு?"

அவள் துப்பினாள். கோப்பைக்குள் இல்லை, என் பக்கமாக. "ஐயோ கடவுளே! உங்களுக்கு என்ன விசரே? உது வாணி நாளைக்குக் குதிரை செய்யப் பொறுக்கினது! ஒரு குதிரைக்கு ரெண்டு கொட்டை, நெருப்புக்குச்சி குத்திக் கால் வைக்கிறது! உதைத் தின்னப்படாது எண்டு கிர்ஸ்டன் பத்துத் தரம் சொன்னவ!"

அதற்குள் நான் என் மரியாதையைக் காப்பாற்ற இரண்டு துண்டை விழுங்கியிருந்தேன்.

சத்தம் கேட்டு வாணி வந்தாள். யன்னல் கட்டைப் பார்த்தாள். "அப்பா, என்ரை குதிரையள் எங்கை?"

நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் சட்டியைப் பார்த்தோம். அவள் கதிரையில் ஏறிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம் பிள்ளை."

"கண் கீறி வைச்சதையுமோ?"

நான் மூடியை எடுத்துச் சட்டியை மூடினேன். அவள் அழுத அழுகையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நாளைக்குப் பிள்ளை எழும்பிச் சொல்வதற்கென்று இருந்த ஒரேயொரு விஷயத்தை நான் மிளகாய்த்தூள் போட்டு இறக்கி வைத்திருக்கிறேன்!

வெள்ளி காலை, விழாவுக்கு முன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரையும் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கொட்டை மரத்தின் கீழே ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் துடைத்துப் பொறுக்கிவிட்டார்கள். உச்சியில் மட்டும் கொட்டையை உள்ளே வைத்த சில முள்ளுக்காய்கள் தொங்கின. மாங்காய்க்கு எறிந்து பழகிய கை சும்மா இருக்குமா? சுற்றிவரக் கல் இல்லை. குடையை எறிந்தேன். குடை கிளையில் வசதியாகக் குந்திக்கொண்டது. நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "குட் மோன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மழை தொடங்கியது. கிடைத்தது இரண்டு கொட்டைகள். அதிலும் ஒன்று வெடித்துப்போயிருந்தது. இரண்டையும் என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாலர் பள்ளியில் எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளின் மடியில் பை பையாகக் கொட்டைகள். எங்கள் மூவரின் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு பிள்ளையாக எழும்பித் தான் செய்யப்போகும் மிருகத்தைப் பற்றிச் சொன்னது. வாணியின் முறை வந்தது. கிர்ஸ்டன் குனிந்து மெல்லக் கேட்டார்: "வாணி, உன்னுடைய கொட்டைகள் எங்கே?"

சரோ என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வாணி எழும்பினாள். என்னை நோக்கி விரலை நீட்டினாள். தெள்ளத்தெளிவான டேனிஷில் சொன்னாள்: "என்னுடைய அப்பா என்னுடைய குதிரைகளை அவித்துவிட்டார்."

"அவித்துவிட்டாரா?" என்றார் கிர்ஸ்டன்.

"ஓம். பன்னிரண்டு குதிரைகள். கண்ணைக் கழுவிவிட்டு அவித்தார். மிளகாய் போட்டார். பிறகு சாப்பிட்டார். இப்போது அவருக்கு வயிறு வலிக்கிறது. நல்லது!"

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த டேனிஷ் முழுவதும் எனக்கு எதிரான முறைப்பாடாக வந்து விழுந்தது. மொழிப் பள்ளியில்கூட அவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குப் பேசிக் காட்டியதில்லை. முழு மண்டபமும் விழுந்து விழுந்து சிரித்தது. சரோ சிரித்துக்கொண்டே அழுதாள். கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன், வயிற்றுவலி என்று சமாளித்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டையாகக் கொண்டுவந்து வாணியின் மடியில் போட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் தன் கொட்டையைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தபடி, "அவரிடம் காட்டாதே" என்று அவளுக்குப் புத்தி சொன்னான்.

அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. வைத்தியரிடம் போகும் தேவையும் வரவில்லை. கதை ஒடென்சே தாண்டி, எஸ்பியர்க், புரொண்பி என்று தமிழ் வீடெல்லாம் போய்விட்டது. எனக்கு இப்போது எழுபது வயதாகிறது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு வீட்டில் பிள்ளை கதைக்கப் பிந்தினால், யாரோ ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார்:

"அண்ணை, சின்னவன் இன்னும் வாய் திறக்கிறானில்லை. ஒருக்கா வந்து ஏதும் சமைச்சுத் தாறியளோ?"