அருண்குமாரின் ஆள்காட்டி விரல்

எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. பேஸ்ட் தேய்த்தாயிற்று. ப்ளீச்சிங் பவுடரையும் விட்டுவைக்கவில்லை. அருண்குமாரின் இடது கை ஆள்காட்டி விரலில் இருந்த ஓட்டு மை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டில் தேர்தல். மாமனார் அங்கே பூத் ஏஜெண்ட். மாப்பிள்ளை வராவிட்டால் மானம் போய்விடும் என்றார். தர்மபுரிக்குப் பஸ் ஏறி ஓட்டுப் போட்டுவிட்டு, அவர் வீட்டுப் பிரியாணியையும் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

பெங்களூரில் தேர்தல் நாளைக்கு. அவன் குடியிருக்கும் ஈஜிபுராவிலும் அவனுக்கு ஓர் ஓட்டு இருந்தது. கட்சிக்காரர் லாயிட் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தது. வார்டு தலைவர் பாலசுப்ரமணியன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொம்மசந்திரா கம்பெனியில் அவனுடைய காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகிவிடும். தலைவருக்கோ ஊருக்கு ஓடிப்போய் ஓட்டுப் போடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"பேசாம இங்கேயும் ஒண்ணு போட்டுட்டா?"

"ரெண்டு ஊர்ல போட்டா உள்ள புடிச்சிப் போட்ருவாங்க," என்றாள் மனைவி சிந்து.

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். மை போகவில்லை, தோல் போயிற்று. சிந்து பழைய துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா லாயிட் வந்து நிற்க வேண்டும்!

"காலைல சீக்கிரம் ரெடியாயிடுப்பா. தலைவர்கூட லைன்ல நிக்கிற... அய்யோ, விரல்ல என்ன கட்டு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சுண்ணா."

"காண்ட்ராக்ட் ஆளுன்னா கேக்க நாதி இல்லையா? எலெக்‌ஷன் முடியட்டும், கம்பெனி கேட்ல தர்ணா போட்டுடலாம்!"

நிரந்தரம் கிடக்கட்டும், இருக்கிற வேலைக்கே உலை வைத்துவிடுவார் போலிருந்தது.

"ஐயோ, கம்பெனில இல்லண்ணா! வீட்ல வெங்காயம் நறுக்கறப்போ..."

லாயிட் சந்தேகமாகச் சிந்துவைப் பார்த்தார்.

"இவரா? கல்யாணமானதுலேர்ந்து கத்தியத் தொட்டதில்லண்ணா," என்று உண்மை அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சட்டென்று சுதாரித்து, "அதான் வெட்டிக்கிட்டாரு," என்றாள்.

"கத்தி துருப்பிடிச்சதா இருந்தா விரலே போயிடும். வா, ஊசி போடலாம்!"

மறுக்க மறுக்க ஸ்கூட்டரில் உட்கார வைத்துத் தெருமுனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். யாரோ போனில் கூப்பிட, அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நர்ஸ் குளோரியா கட்டைப் பிரித்தாள். தோல் உரிந்த விரலில், நகத்தோரம் மை பளிச்சென்று தெரிந்தது.

"சிஸ்டர், வெளில சொல்லிடாதீங்க. தலைவருக்குத் தெரிஞ்சா என் வேலையே போயிடும்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குளோரியா நிதானமாக மருந்து தடவி, விரல் முழுக்க மறையும்படி பெரிய கட்டாகப் போட்டாள்.

"எதுக்கு அழறீங்க? காலைல உங்க தலைவருக்கும் இதே விரல்லதான் கட்டுப் போட்டேன். அவருக்கு வேலூராம்."