மயில்கழுத்து நிறத்தில் பெரியக்கா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் சின்னக்காவைக் கட்டிய அத்தான், கடையில் துணி வெட்டும் மேசையில் காகிதத்தை விரித்து எழுதிக்கொள்வது. நான் சுகம், உன் சின்னக்கா சுகம், மகளும் சுகம். மாடி அறையில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைப் பற்றித்தான் அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பதறாதே. எரியவில்லை, உடையவில்லை, தண்ணீர் படவில்லை. ஸ்பீக்கர் மாட்டப் போன இடத்தில் ஏணியில் பார்த்து ஏறு, வேளா வேளைக்குச் சாப்பிடு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பகலில் நீ ஏணி மேல் இருப்பாய், சாயங்காலம் உன் சின்னக்கா வீட்டில் இருப்பாள். அவள் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்காக நாம் ரகசியமாகச் செய்த பாட்டைப் பற்றி அவள் காதுபடப் பேச முடியுமா? தவிர, போனில் முதல் வரியிலேயே "ஐயோ அத்தான், என்ன பண்ணி வெச்சீங்க?" என்று கத்துவாய். எனக்கு வரிசை தப்பிவிடும். கடிதமென்றால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கத்த வேண்டும். நீ இருக்கும் ஊர்ப்பக்கம் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஆறு மணிக்குத் தன் பேன்ட்டை வாங்க வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கிளம்பும்போது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "யாராவது பாட்டைக் கேக்கணும்னா அந்த நீளக் கட்டையை அமுக்குங்க அத்தான், வேற எதையும் தொடாதீங்க" என்றாய். நானும் தொடுவதாக இல்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உன் பெரியக்கா வந்தாள். திரையில் ஒருத்தருக்கு ஒரு பட்டையாக, பட்டைக்கு ஒரு நிறமாக நீ அடுக்கி வைத்திருக்கிறாய் அல்லவா, அதில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். பாட்டைக் கேட்கவில்லை. பட்டையைத்தான் பார்த்தாள். "ஏன் மாஸ்டர், எல்லாருக்கும் பளிச்சுனு போட்டுட்டு எனக்கு மட்டும் மண்ணு கலரா? தம்பி என்னைப் பத்தி மனசுல இவ்வளவுதான் வெச்சிருக்கானா?" என்றாள். நிறம் சும்மா அடையாளத்துக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அடையாளத்துக்கு மண்ணா?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் யார் பேசுவது? நீ ஒருநாள் பட்டையின் மேல் மவுஸ் எலியை வைத்து வலப்பக்கப் பொத்தானை அமுக்கி நிறப்பெட்டியைத் திறந்து காட்டினாய். அது ஞாபகம் இருந்தது. திறந்தேன். மாப்பிள்ளை, என் நூல்கண்டு அலமாரியில் நூற்று நாற்பது நிறம் இருக்கிறது, அதுவே பெரிசு என்று நினைத்திருந்தேன். உன் பெட்டியில் அடியைக் காணோம். வெங்காயச் சருகு காட்டினேன், கத்திரிப்பூ காட்டினேன், ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் மயில்கழுத்து நிறத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இது போதும், எனக்கு எப்பவும் எளிமையா இருந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனவள் வீட்டில் சும்மா இருப்பாளா? புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பேங்க்கிலிருந்து நேரே மாடியேறி வந்துவிட்டார் சகலை. நிறத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, வரிசைதான் கவலை. என் மகளுடைய பட்டை மேலே, அவருடையது கீழே. "சின்னப் பொண்ணு மேல, நான் கீழயா? ஒரு கிளை மேனேஜரை உக்கார வெக்கிற இடமா இது?" என்றார். பட்டையை எலியால் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டையோரம் இருந்த எம், எஸ் என்ற இரண்டு எழுத்தும் பட்டது. "பரவாயில்லையே, தம்பி கவனமாத்தான் செஞ்சிருக்கான். எம்முன்னா மேனேஜர், எஸ்ஸுன்னா சகலை" என்று அவரே அர்த்தம் சொல்லிக்கொண்டு எம்மை ஒரு தட்டுத் தட்டினார். பட்டை சாம்பல் பூத்துவிட்டது. பாட்டைப் போட்டோம். அவர் வரி வருகிற இடத்தில் வெறும் தாளம்தான் வந்தது. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டவர், முடிந்ததும், "என் குரல் நல்லாக் கலந்துருச்சு, தனியாத் தெரியவே இல்ல" என்று பாராட்டிவிட்டுப் போனார். எல்லோர் பட்டையிலும் அதே எம் இருப்பதை நான் சொல்லவில்லை. எதற்கு வம்பு?

இதுவரை நடந்ததில் என் தப்பு ஒன்றுமில்லை. வியாழக்கிழமை நடந்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நிறப்பெட்டியைத் திறந்த கை சும்மா இருக்குமா? முப்பத்தைந்து வருஷமாகத் துணிக்கு நூல் சேர்க்கிற கண் இது. உன் திரை முழுக்க அடுப்புக்கரி நிறம், நடுவில் அழகழகான பட்டைகள். மனசு கேட்கவில்லை. அமைப்பு என்கிற பக்கத்துக்குப் போய்ப் பின்னணியைச் சந்தன நிறமாக்கினேன். பிரமாதமாக இருந்தது. எழுத்தெல்லாம் வெள்ளையில் இருந்ததால் சந்தனத்தில் கரைந்து காணாமல் போனது, அது ஒன்றுதான் குறை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்த ஓரத்தைப் பிரிக்கிற மாதிரி கண்ணாடியைக் கழற்றி மாட்டித் தேட வேண்டியிருந்தது. அப்புறம் பொத்தான்கள். சிவப்பில் ஒரு வட்டம் முறைத்துக்கொண்டே இருந்தது, அதை இலைப்பச்சை ஆக்கினேன். பச்சையில் ஒரு முக்கோணம் இருந்தது, இரண்டும் ஒரே நிறமாக வேண்டாமே என்று அதைப் பாக்கு நிறமாக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கடை முகப்பில் தொங்கவிடலாம் போல இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படி. மகளுக்கு அவளுடைய பட்டையின் புது நிறத்தைக் காட்டலாமென்று மத்தியானம் திரையைக் கீழே வரை தள்ளிக்கொண்டே போனேன். எல்லாப் பட்டைக்கும் கடைசியில், தனியாக, 'மாஸ்டர்' என்று ஒன்று இருந்தது.

மாப்பிள்ளை, உன்னிடம் மறைப்பதற்கென்ன. கண்ணாடியைத் துடைத்து மாட்டி இன்னொரு தடவை படித்தேன். கடைக்கு வருகிறவர்களும் தெருவும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவது தொழில் மரியாதை. உன் பெரியக்காவும் முப்பத்தொரு வருஷமாக அப்படியேதான் கூப்பிடுகிறாள், ஒரு நாளாவது உறவுமுறை சொன்னதில்லை. பாட்டுப் பதிந்த அன்று மாடியில் எல்லோரும் ஆளுக்கொரு வரி பாடினார்கள். நானும் படியேறி வந்து கதவோரம் நின்றேன். "மாஸ்டர், டீ மட்டும் கொண்டாந்துடுங்க, அது போதும்" என்றாள். கொண்டுவந்தேன், ஆறு கிளாஸ். என் மனைவிக்கு ஒரு பாட்டு, அதில் என்னைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியிருக்க, நீ யாருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒரு பட்டை போட்டு வைத்திருக்கிறாய், அடுத்த வாரம் சனிக்கிழமை வந்ததும் என்னைப் பாட வைக்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கு என்ன நிறம் கொடுக்கலாமென்று அரைமணி நேரம் யோசித்து, சாதாரண நீலமே கொடுத்தேன்.

பாட்டைப் போட்டுப் பார்த்தால் மற்றவர்களுடைய சத்தத்தை அளக்கிற கோடெல்லாம் பாதிக்கு எழும்பி இறங்குகிறது, மாஸ்டர் கோடு மட்டும் உச்சிக்குப் போகிறது! இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் இத்தனை சத்தமா? கூச்சமாகப் போய்விட்டது. பெரியக்கா பார்த்தால் என்ன நினைப்பாள்? என் பங்கைக் குறைத்துக்கொள்வோமென்று அந்தப் பட்டையின் சத்தக் குமிழை மெல்லக் கீழே இறக்கினேன், அடிவரைக்கும். உடனே பாட்டே நின்றுபோனது. சரி, எங்கோ மாட்டிக்கொண்டது, மறுபடி ஓட்டுவோமென்று பச்சையாக இருந்ததை அமுக்கினேன். பச்சையாக இருந்தது நான் பச்சையாக்கிய வட்டம் என்பது அப்போது நினைவில்லை. கோடு ஓடுகிறது, சத்தமில்லை. கீழே வாடிக்கையாளரும் யாருமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம், அடுத்த வாரம் உன் முன்னால் தடுமாறக்கூடாதே என்று, மனசுக்குள் வைத்திருந்த என் வரியை ஒருமுறை பாடிப் பார்த்தேன்:

"ஓடி ஓடி உழைச்ச காலு, ஒரு நிமிஷம் உக்காரு."

அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் வார்டு வார்டாக நின்றவளுக்கு அதைத்தான் சொல்லத் தோன்றியது.

மறுநாள் என்ன செய்தும் பாட்டு பேசவில்லை. எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூட்டி வந்தேன், தெருவில் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். சந்தன நிறத் திரையைப் பார்த்ததும், "ஐயா, இதுல எதையுமே படிக்க முடியலையே?" என்றார். கொஞ்ச நேரம் துழாவினார். "மாஸ்டரைச் சுத்தமா இறக்கிட்டீங்க, அப்புறம் எப்படிக் கேக்கும்?" என்றார். மாஸ்டர் நான்தான், அடக்கமா இருக்கட்டும்னு இறக்கினேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷர், சிரிக்காமல் சொன்னார்: "அது ஆளோட பேர் இல்லீங்க. எல்லாரோட சத்தமும் கடைசியா ஒண்ணா வந்து சேர்ற இடம். எந்தப் பாட்டை எடுத்தாலும் அது இருக்கும்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. இல்லையென்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குமிழை ஏற்றிப் பாட்டைப் போட்டார், சகலையின் எம்மையும் எடுத்துவிட்டார், அது குரலை அடைக்கிற பொத்தானாம். தாளம் வந்தது, மகள் வந்தாள், சகலை வந்தார். அடுத்து உன் பெரியக்கா, "என் சொல்லைத் தட்டாத தங்கச்சியே" என்று வர வேண்டிய இடம். அங்கே நான் வந்தேன். கதவு கிறீச்சிடுகிற குரலில், ஓடி ஓடி உழைச்ச காலு. கடைசியாகப் பாடியது பெரியக்கா என்பதால் மைக் அவள் பட்டையிலேயே திறந்திருந்ததாம், அந்த வட்டம் பதிவு செய்கிற பொத்தானாம், நான் பாடியது அவள் வரிக்கு மேலேயே போய் உட்கார்ந்துகொண்டதாம். மயில்கழுத்து நிறத்தில் அவள் பெயர், உள்ளே என் குரல். பழைய வரி அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, பாட்டு செய்தவர் வந்தால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவர் கை வைக்க மறுத்துவிட்டார்.

ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது. இந்தச் சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாகப் பெரியக்காவின் வரியை எடுத்து மேலே வை. என் குரலை அழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அத்தனை பேர் நடுவில் அது கேட்டால் பெரியக்கா சாப்பிடாமல் எழுந்து போவாள், அந்தப் பழி உன் சின்னக்கா தலையில்தான் விழும். பணி ஓய்வு நாளில் அவளுக்கு அது வேண்டாம். திரையையும் பழையபடி கரி நிறமாக்கிக்கொள். மாஸ்டர் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உனக்குக் காது நீண்ட நாள் கூர்மையாக இருக்கட்டும், தொட்ட பாட்டெல்லாம் துலங்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: கவரில் ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் மேசை ஓரம் உன் சின்னக்கா நின்று இந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருக்கிறாள். "வெள்ளிக்கிழமையே தெரியும். டூட்டி முடிஞ்சு வந்து உங்களைச் சாப்பிடக் கூப்பிட மாடியேறினேன். நீங்க பாடிட்டிருந்தீங்க. படியிலயே உக்காந்துட்டேன்" என்றாள். மாடிக்கு வந்து இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். முழுசாகக் கேட்டாள். "சுருதி கொஞ்சம்கூடச் சேரல. இருக்கட்டும், யாரும் அதைத் தொடக்கூடாதுன்னு தம்பிக்கு எழுதுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. அக்காவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் எனக்காகப் பெரியக்காவிடம் பேசப் போவது இதுதான் முதல் தடவை. நான் என்ன செய்கிறேனென்று தெரியாமல் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.