மயங்கி விழுந்ததற்குக் கைதட்டல்

ஊரெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவளுக்கு உடம்பில் இரும்பு இல்லை. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே.

அப்போது நான் கல்வராயன் மலையடிவாரத்தில் கிராம நர்ஸ். வேலை நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி என் கூட்டம் ஒன்றைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும். அவர் வருவதாகச் சொன்ன நாள் பார்த்து இடஒதுக்கீட்டுப் போராட்டம். கள்ளக்குறிச்சியில் ஏறிய பஸ், சாலையில் வெட்டிப்போட்ட புளியமரத்தோடு நின்றுவிட்டது. மிச்ச ஐந்து மைலும் வெயிலில் நடந்தேன். வழியில் சாப்பிடக் கிடைத்தது ஒரு டீ மட்டும். அதிலேயே அன்றைய மாத்திரையை முழுங்கினேன். (தினமும் அப்படித்தான். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சேராது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளும் நான்தான்.)

கூட்டத்தில் இருபது கர்ப்பிணிகள். முன்னால் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். மாத்திரையே வேண்டாம் என்று போன மாதம் என்னோடு சண்டை போட்டவள். இரும்பு குறைந்தால் மூச்சு வாங்கும், கண் இருட்டும், தலை சுற்றும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கே சுற்றியது. தடாலென்று விழுந்தேன்.

யாரும் அசையவில்லை. முந்தின மாதம்தான் எங்கள் சுகாதாரத் துறை ஆட்கள் அங்கே வயிற்றுப்போக்கைப் பற்றி நாடகம் போட்டிருந்தார்கள். இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். (அவ்வளவு தத்ரூபமாம்.) அந்த நேரம் பார்த்து அதிகாரியும் நடந்தே வந்து சேர்ந்து, பின்னால் நின்று தட்டினார்.

பச்சையம்மா மட்டும் கிட்டே வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க நர்சம்மா, கண்ணு உள்ள ரத்தமே இல்லாம வெளுத்துக் கெடக்குதே. நெசமாவே வுழுந்துட்டீங்களா?"

"சொல்லிடாதே பச்சையம்மா. வேலை போயிடும்."

அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மாத்திர போடலேன்னா இப்டித்தான் ஆவும்னு காட்டுனாங்க. எனக்கு ரெண்டு குடுங்க."

தண்ணீரில்தான் முழுங்கினாள், என்னை முறைத்துக்கொண்டே. 'செயல்முறை விளக்கம் மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. வேலை நிரந்தரமாயிற்று.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இத்தனை வருஷமாகியும், தலை சுற்றுகிறது என்றால் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை இரண்டு தட்டுத் தட்டுவார். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் இரும்பின் அளவு மறுபடியும் குறைவாக இருந்தது. சீட்டைக் காட்டினேன். அவரோடு மகளும் சேர்ந்து தட்டினாள். பிறகு, என் கையிலிருந்த டீயைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.