எனக்கு விவரம் தெரியாது என்கிற மனு

பள்ளிப்பட்டில் இருக்கும் மதிப்புக்குரிய அண்ணன் ஜெகநாதனுக்கு, திருத்தணியிலிருந்து தங்கை தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம். என் புத்தியும் சுகமாகத்தான் இருக்கிறது. உன் மனுவில் அது இல்லை என்று எழுதியிருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மூளை முடக்குவாதத்தால் எனக்குக் கை நடுங்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும், அவ்வளவுதானே? அதற்காக முப்பத்தாறு வயதுக்காரிக்கு உன்னைப் பாதுகாவலராகப் போடச் சொல்லி மனு கொடுப்பாயா? நைனா எனக்கு எழுதிவைத்த பாதி வீட்டை, என் கையெழுத்துக்குப் பதில் நீ போட்டு விற்கலாம் என்றுதானே? விசாரணைக்கு, "சும்மா வந்து உக்காரு, வாயத் தொறக்காத"ன்னு பஸ்ஸில் ஏற்றினாய். வந்தேன். அந்த அதிகாரி அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இவங்களுக்குப் பேச்சு வருமா?" என்று உன்னைக் கேட்டார்கள். "வராது மேடம், சொன்னாலும் புரியாது" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் மனுவைப் படிக்கச் சொன்னதும் சட்டைப் பையைத் தடவினாய், துணிப்பையைத் துழாவினாய், கண்ணாடியைக் காணோம். உடனே, கண் மங்கிய நாளிலிருந்து நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கரண்ட் பில்லையும் பிள்ளைகளின் ரேங்க் கார்டையும் நீட்டுகிற அதே பழக்கத்தில் என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, படிம்மா" என்றாயே! அட, என் அண்ணா! படித்தேன். "மேற்படி தேவயானிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சுயமாக முடிவெடுக்கும் திறனும் இல்லை" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தேன். என் வயதைத் தப்பாகப் போட்டிருந்ததையும் திருத்தினேன்.

அப்போதுதான் அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பி, "நீங்க சொல்லுங்க, வீட்ட விக்கணுமா?" என்றார்கள். என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை அண்ணா. "மாட்டேன்" என்று சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆனது. காத்திருந்து கேட்டார்கள். உன் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

மேல்முறையீடு போகிறாயாமே, அண்ணி போனில் சொன்னாள். போ. பத்து முறை போ. என் கையெழுத்து கோணல்தான், ஆனால் அதை நான்தான் போடுவேன். இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன்.

தணிகை முருகன் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். எனக்குக் கொடுத்தது போதும்.

இப்படிக்கு,
விவரம் தெரியாத
தேவயானி

பி.கு.: உன் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. பஸ்ஸில் தூங்குமுன் "பத்திரமா வெச்சிரு"ன்னு நீதான் கொடுத்தாய். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து படித்துக் காட்டுகிறேன். அண்ணியைக் கோழிக்குழம்பு வைக்கச் சொல்.